மூன்று கரண்டித் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலை 6.44 மணிக்கு, பேக்கரி முனையில், வண்டி உயிரை விட்டது.

வீட்டு வாசலில் சமர்த்தாகக் கிளம்பிய வண்டிதான். நானூறு மீட்டர் ஓடியது, இரண்டு முறை விக்கியது, நின்றுவிட்டது. பன்னிரண்டு வயதான, ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. ஓட்டியவள் ஒரு நர்ஸ். பக்கத்தில் அவள் கணவர், நிலம் அளக்கும் சர்வேயர். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புது மருத்துவமனையில் வேலைக்குச் சேர வேண்டும். அந்தப் பாதையில் முதல் பஸ்ஸே எட்டு மணிக்குத்தான். முதல் நாளே வராதவருக்குப் பதில் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று மருத்துவமனையில் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். வண்டியும் பாதையும் பழக வேண்டும் என்றுதான் இந்த ஒத்திகை ஓட்டம்.

7.35. சர்வேயரின் சகலை, அதாவது நர்ஸின் தங்கை கணவன், தன் புத்தம்புதிய குட்டி பெட்ரோல் காரில் கயிறு கட்டி, செத்த வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்தான். தெருவே வேடிக்கை பார்த்தது.

"சின்ன வண்டின்னு சிரிச்சீங்களேண்ணே. இப்ப யார் யாரை இழுக்கறாங்கன்னு பாருங்க."

சர்வேயர் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

8.20. நாசில் அக்கா வந்தாள்.

தொழில் கொடுத்த பெயர் அது. பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி உண்டு. டீசல் இன்ஜினில் கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டுக்குள் டீசலைப் பனிமூட்டம் போலப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். பீய்ச்சுகிற மூக்குக்குத்தான் நாசில் என்று பெயர். அதிலிருக்கும் துளை கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அந்த மூக்குகளைச் சோதித்துச் சரிசெய்வதில் அவளுக்கு இருபது வருடம் ஓடியிருந்தது. இந்த வண்டியின் நான்கு நாசில்களையும் பத்து நாள் முன்புதான் அவள் மாற்றிக் கொடுத்திருந்தாள்.

"நீங்க போட்ட நாசில்ல ஏதோ கோளாறு போலிருக்கு" என்றார் சர்வேயர்.

அவளுக்குச் சுருக்கென்றது. பானெட்டைத் தூக்கினாள்.

உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது. பழைய வண்டியை வாங்கியவர்கள் வெளியே மெருகு போடுவார்கள்; இவர் நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளே செலவழித்திருந்தார். ஒவ்வொரு குழாய்க்கும் புதுக் கிளிப். இரண்டு வாரம் முன்பு போட்ட புது பேட்டரி. ஒயர்களில் சின்னச் சின்னச் சீட்டு, அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில். 'இந்த மனுஷன் என் பட்டறையில் இருந்திருந்தால் எனக்கே வேலை இருந்திருக்காது' என்று நினைத்தாள். நினைப்பில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

டீசல் ஃபில்டரின் அடியில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் தளர்த்தி, வடிந்ததை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்துப் படியில் வைத்தாள்.

"என்னக்கா, பாத்துட்டே உக்காந்திருக்கீங்க?" என்றாள் நர்ஸ்.

"இதுக்கு அவசரம் ஆகாதும்மா. கொஞ்சம் பொறு."

ஐந்து நிமிடத்தில் ஜாடி இரண்டாகப் பிரிந்தது. மேலே மஞ்சள். கீழே கண்ணீர் மாதிரி தெளிவு. நடுவே ஸ்கேல் வைத்துப் போட்டது போல ஒரு கோடு.

"டீசலைவிடத் தண்ணி கனம். அடியில போய் உக்காந்துக்கும். டாங்க்லேருந்து டீசலை உறிஞ்சற குழாயும் அடியிலதான் இருக்கு. வண்டி தண்ணி குடிச்சிருக்கு."

"டாங்க்ல தானா ஈரம் சேரும்னு படிச்சிருக்கேனே" என்றார் சர்வேயர்.

"சேரும் சார். கரண்டிக் கணக்குல."

9.50. டாங்க்கைக் கழற்றி வடித்து, தண்ணீரை மட்டும் பிரித்து அளந்தாள். இரண்டரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

"இது கரண்டிக் கணக்கு இல்ல. யாரோ ஊத்தியிருக்காங்க."

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தாள். ஃபில்டருக்குள் எப்போதும் கொஞ்சம் நல்ல டீசல் நிற்கும். அது தீரும்வரை இன்ஜின் ஓடும்; தீர்ந்ததும் தண்ணீர் வந்து கழுத்தைப் பிடிக்கும். நானூறு மீட்டரில் நின்றது என்றால், ஊற்றிய பிறகு வண்டி வேறெங்கும் போகவில்லை.

"கடைசியா எப்ப எடுத்தீங்க?"

"நேத்து சாயந்திரம். நான்தான் ஓட்டினேன். எல்லாரும் கடைத்தெருவுக்குப் போய்ட்டு ஏழு மணிக்கு வந்தோம்" என்றாள் நர்ஸ்.

"அப்போ ராத்திரி ஏழுலேருந்து காலை ஆறே முக்காலுக்குள்ள. டாங்க் மூடியைத் திறக்கற நெம்புகோல் டிரைவர் சீட்டுக்குக் கீழ. சாவி இல்லாம அது நடக்காது. சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு என் பாக்கெட்ல" என்றார் சர்வேயர். "இன்னொண்ணு கூடத்துல, கொக்கியில. நேத்து எட்டு மணிக்கு அந்தக் கொக்கிச் சாவிய எடுத்துட்டுப் போனது யாருன்னு கேளுங்க."

எல்லோரும் சகலையைப் பார்த்தார்கள்.

"என் பொண்டாட்டி பையை வண்டியில விட்டுட்டா. எடுக்கப் போனேன். பத்து நிமிஷம் ஆச்சு, சீட்டுக்கு அடியில கெடந்தது."

"கையில என்ன இருந்தது?"

"தண்ணி பாட்டில். அரை லிட்டர்" என்றவன், சொன்ன பிறகுதான் சொன்னதை உணர்ந்தான். "ஐயய்யோ. அது நான் குடிக்கறதுக்கு."

"நாலு மாசமா இந்த வண்டியப் பாத்து இவனுக்கு வயித்தெரிச்சல்" என்றார் சர்வேயர். "மாமியார் நேத்து அவன் கார்ல ஏறாம என் வண்டியில ஏறினாங்க. மூஞ்சி போன போக்க நான் பாத்தேன்."

"வயித்தெரிச்சல்தான். இல்லேன்னு சொல்லல" என்றான் சகலை. "ஏழு சீட்டு வண்டியப் பாத்தா எனக்கு எரியும். ஆனா எரியறவன்லாம் தண்ணி ஊத்தினா தெருவே ஊத்தணும். ஏன், அண்ணி என்ன சொன்னாங்க? இந்தச் சக்களத்திய ஒரு நாள் தண்ணியில முக்கிடுவேன்னு என் முன்னாலதானே சொன்னாங்க?"

நர்ஸ் சிரிக்கவில்லை. "சொன்னேன். ஞாயித்துக்கிழமையானா இவர் அதோடதான் குடும்பம் நடத்துவார். ஆனா நாளைக்கு அதுல போகப்போறது நான். என் சோத்துல நானே மண்ணள்ளிப் போடுவேனா?"

நாசில் அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "நின்னதும் என்னம்மா பண்ணினே?"

"மறுபடி ஸ்டார்ட் பண்ணப் போனேன். இவர் கையப் பிடிச்சுட்டார். பேட்டரி இறங்கிடும், தொடாதேன்னார். உடனே தங்கச்சி வீட்டுக்குப் போன் போட்டு இழுக்கச் சொன்னார்."

"ஒரு தடவகூடத் திருப்பலியா?"

"ஒரு தடவகூட இல்ல."

"நல்லதாப் போச்சு" என்றாள் நாசில் அக்கா. டீசலுக்கு எண்ணெய்ப் பசை உண்டு. பம்பும் நாசிலும் அந்தப் பசையில்தான் வழுக்கி ஓடுகின்றன. தண்ணீரை வைத்துத் திருப்பத் திருப்ப இரும்பும் இரும்பும் உரசிக்கொள்ளும். நாலு தடவை முறுக்கியிருந்தால் பம்ப் போயிருக்கும், ஒரு மாதத்துக்கு வண்டி எழுந்திருக்காது.

"எப்படியும் நாளைக்கு ஆகாது" என்றார் சர்வேயர். "டாங்க் காயணும், ஃபில்டர் வாங்கணும். விடும்மா. இந்த வேலை இல்லேன்னா இன்னொண்ணு."

நர்ஸ் அவரைப் பார்க்காமல் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எட்டு வருஷம் கழிச்சுக் கெடைச்ச வேலைங்க."

11.15. கை கழுவ உள்ளே போன நாசில் அக்கா படிக்கட்டுக்கு அடியில் நின்றாள். இன்வெர்ட்டர் இருந்தது. அதன் பேட்டரி மூடிகளில் தண்ணீர் அளவு காட்டும் மிதவைகள் ஆறும் கீழே இறங்கிக் கிடந்தன. பக்கத்தில் பேட்டரித் தண்ணீர் கேன், ஐந்து லிட்டர். தூக்கிப் பார்த்தாள். பாதிதான் இருந்தது.

"இந்தக் கேன் எப்ப வாங்கினது?"

"வெள்ளிக்கிழமைக்கா. நான்தான் வாங்கிட்டு வந்தேன்" என்றாள் நர்ஸ்.

"ஒரே மாதிரி மூணு கரண்டி வேணும். ஒரு சிரிஞ்சும்."

"நர்ஸ் வீட்ல சிரிஞ்சுக்கா பஞ்சம்?"

சமையல் மேடையில் கரண்டிகளை வரிசையாக வைத்தாள். முதலில் குழாய்த் தண்ணீர். இரண்டாவது, சகலையின் பாட்டிலில் மிச்சம் இருந்தது. மூன்றாவது, டாங்க்கில் வடித்ததை டிஷ்யூ காகிதத்தில் வடிகட்டி, அடியிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சியது. ஒவ்வொன்றையும் அடுப்பில் காட்டி வற்ற வைத்தாள். டீசல் வாடையில் சகலை மூக்கைப் பொத்திக்கொண்டான்.

முதல் கரண்டியில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. இரண்டாவதில் ஓரத்தில் மெல்லிய வெள்ளை வளையம். மூன்றாவதில் எண்ணெய் மினுமினுப்பு மட்டும். வெள்ளை துளிகூட இல்லை.

11.40. எல்லோரையும் வண்டியருகே கூப்பிட்டாள்.

"குழாய்த் தண்ணியில உப்பு இருக்கும். குடிக்கற தண்ணியிலயும் கொஞ்சம் இருக்கும். வத்தினா வெள்ளையாத் தங்கும். ஒண்ணுமே தங்காததுன்னா மழைத் தண்ணி, இல்லேன்னா பேட்டரிக்கு ஊத்தற காய்ச்சி வடிச்ச தண்ணி. மழை பேஞ்சு மூணு மாசம் ஆச்சு. படிக்கட்டுக்கு அடியில புதுக் கேன்ல பாதி காணோம். இன்வெர்ட்டருக்கும் ஊத்தல."

"அது திறந்த இடத்துல கிடக்கற கேன்" என்றார் சர்வேயர். "யார் வேணா எடுக்கலாம்."

"எடுக்கலாம் சார். ஆனா ஏன் எடுக்கணும்? வாசல்லயே குழாய் இருக்கு. வண்டிய நாசம் பண்ண வந்தவன் அதுல ஒரு பக்கெட் பிடிச்சு ஊத்திட்டுப் போய்ட்டே இருப்பான். உங்க சகலைக்கு அந்த அரை லிட்டர் பாட்டில அஞ்சு தடவ ரொப்பணும்." அவள் கரண்டியை உயர்த்திக் காட்டினாள். "இதை ஊத்தினவருக்கு ஒரு கவலை இருந்திருக்கு. உப்புத் தண்ணி போனா டாங்க் துருப்பிடிக்கும், நாசில் மூக்குல உப்பு அடைச்சுக்கும்னு. வெஷம் வைக்கும்போதே வயித்த வலிக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்து வச்சிருக்கார். அவ்வளவு ஆசை இந்த வண்டி மேல இந்தத் தெருவுல ஒருத்தருக்குத்தான்."

சர்வேயர் டயரைப் பார்த்தார்.

"நீங்க பயந்தது பேட்டரிக்கு இல்ல சார். அது போட்டு ரெண்டு வாரம்தான் ஆச்சு. வண்டி நின்னா யாரா இருந்தாலும் மறுபடி சாவியத் திருப்புவாங்க. ஏன் நின்னுச்சுன்னு முன்னாலயே தெரிஞ்ச ஆள்தான் திருப்ப விடமாட்டார்."

தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. சகலை பெருமூச்சு விட்டான்.

"ஏங்க?" என்றாள் நர்ஸ். அவ்வளவுதான்.

சர்வேயர் டயரிடம் சொல்வது போலப் பேசினார். "நேத்து ராத்திரி சும்மா போய் உக்காந்தேன். கால் இடிச்சுது. சீட்ட முன்னால இழுத்து வச்சிருந்தே. கண்ணாடில பின்னால தெரியல, கூரைதான் தெரிஞ்சுது. பாட்டுகூட வேற. கூட வேலை பாக்கப்போறவங்க ரெண்டு பேரைத் தினமும் ஏத்திக்கிட்டுப் போறேன்னே. நாலு மாசம் நான் அதுக்கு அடியில படுத்துக் கிடந்தேன். யாரோ வீட்டு வண்டியில ஏறின மாதிரி இருந்துச்சு."

"என்னைப் பாத்தா பொறாமை?"

"தரமாட்டேன்னு எப்படிச் சொல்றது? எல்லார் முன்னாலயும் சரின்னு சொல்லிட்டேன். ஒரு வாரம் நின்னா..."

"ஒரு நாள் நின்னாலே வேற ஆளு. அது உங்களுக்குத் தெரியும். தங்கச்சி வீட்டுக்காரரைத் திருடனாக்கினீங்க. அக்காவோட வேலையப் பழிச்சீங்க." அவள் குரல் உயரவில்லை. "டாங்க் துருப்பிடிக்கக் கூடாதுன்னு பாத்தீங்களே. நான் எட்டு வருஷமா வீட்ல துருப்பிடிச்சேன். அதுக்கு எந்தத் தண்ணி ஊத்தினீங்க?"

நாசில் அக்கா வேறு பக்கம் பார்த்தாள். தான் சரிசெய்த இன்ஜினை வேறு பட்டறைக்காரன் திறந்தால் அவளுக்கும் எரியும். அந்த எரிச்சல் எப்படிப்பட்டது என்று தெரிந்ததால்தான் மூன்றாவது கரண்டி அவளுக்கு அவ்வளவு சீக்கிரம் புரிந்தது. ஆனால் அதை அவரிடம் சொல்லி ஆறுதல்படுத்த அவளுக்கு மனமில்லை.

"புது ஃபில்டர் என் பட்டறையில இருக்கு" என்றாள். "டாங்க்க வெயில்ல கவுத்து வைங்க சார். சாயந்திரம் ஏத்திடலாம். அடியில நீங்கதான் படுக்கணும், எனக்கு முதுகு வலி."

சர்வேயர் மறுபேச்சில்லாமல் பழைய சட்டைக்கு மாறினார். சகலை தன் குட்டிக் காரை எடுத்துக்கொண்டு ஃபில்டர் வாங்கிவரக் கிளம்பினான். "ரெண்டாவது தடவையா காப்பாத்தறேன்" என்று வாசலில் நின்று சொன்னான். யாரும் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை 6.10. நர்ஸ் ஏறி உட்கார்ந்தாள். சீட்டைச் சர்ரென்று முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தன் கண்ணுக்குத் திருப்பினாள். சாவியைப் பாதி திருப்பி, டாஷ்போர்டில் சுருள் போன்ற காயில் விளக்கு அணையும்வரை காத்திருந்தாள். குளிர்ந்த டீசல் இன்ஜினுக்கு அந்தச் சில நொடிச் சூடு வேண்டும். பிறகு முழுதாகத் திருப்பினாள். ஒரே சுற்றில் பிடித்தது.

சர்வேயர் நகத்தில் கறுப்போடு கேட்டருகே நின்றார். அவரையறியாமல் கை பாக்கெட்டைத் தடவியது. பாக்கெட் காலி. இரண்டு சாவியும் இப்போது அவள் வளையத்தில் இருந்தன.

"மூணாவது கியர்ல கொஞ்சம் முரண்டு பண்ணும்" என்றார். "க்ளட்ச முழுசா மிதிச்சு..."

"தெரியும்" என்றாள். கியரைப் போட்டாள். "சாயந்திரம் நாலு மணிக்கு உங்க ஆளைக் கொண்டாந்து விடறேன். அதுவரைக்கும் இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊத்துங்க."

வண்டி பேக்கரி முனையைத் தாண்டியது. இன்ஜின் சத்தம் நிற்கிறதா என்று அவர் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றார். நிற்கவில்லை.