ஒரு நிமிடத்துக்குப் பதினாறு

மேற்கு வர்ஜீனியா மாநிலம் முழுவதிலும் நோயாளியாகப் படுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, வரலாறு தவறிவிடக் கூடாதே என்று பதிவு செய்கிறேன். எட்டு வாரப் பயிற்சியில் பதினோரு பேர் என்னைத் துடைத்தார்கள், புரட்டினார்கள், பல் விளக்கிவிட்டார்கள். ஒருவருக்கும் நான் தொந்தரவு கொடுத்ததில்லை. ஒருமுறை நிஜமாகவே தூங்கிவிட்டேன்.

சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரில் ஆள் எடுக்கும் ஒரே இடம் குன்றின் மேலுள்ள முதியோர் இல்லம். அங்கே சேர நர்ஸ் உதவியாளர் சான்றிதழ் வேண்டும். எனக்கு அது உடனே வேண்டும். திங்கட்கிழமைக்குள் நிரந்தர வேலை இருந்தால் என் நான்கு வயது மகள் ஜோசி வாரக் கடைசிகளில் என்னோடு இருக்கலாம். இல்லாவிட்டால் அவளுடைய அம்மா அவளை டெக்ஸாஸுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நீதிபதி சொல்லிவிட்டார். இன்று வெள்ளிக்கிழமை. அடுத்த தேர்வு மூன்று மாதம் கழித்து.

வகுப்பு நடந்த பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதால் தேர்வைப் பழைய சுரங்கத் தொழிலாளர் ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். அது மூடி இருபது வருடம். காலை பத்து மணி, நல்ல வெயில். இரண்டாம் மாடி வார்டில் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. இருந்தும் உள்ளே ஈரத்துணி வாடை. அதற்கும் அடியில், பூ ஜாடியில் பல நாள் கிடந்த தண்ணீரின் நாற்றம்.

எங்கள் ஆசிரியர் ஹார்லன் சார் வார்டுக்குள் கால் வைக்கவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

தேர்வில் எங்களில் ஒருவர் நோயாளியாகப் படுக்க, இன்னொருவர் செய்துகாட்ட வேண்டும். முதலில் நான் படுத்தேன். தேர்வு எழுதியவர் வில்மாக்கா. ஐம்பத்திரண்டு வயது, மூன்றாவது முயற்சி. மூச்சு எண்ணுவதில் ஒரு கள்ளத்தனம் உண்டு. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். மாநில அரசு அனுப்பிய தேர்வாளரம்மாவும் கூடவே எண்ணுவார். இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் தோல்வி.

தேர்வாளரம்மா எண்ணியது பதினான்கு. வில்மாக்கா எழுதியது முப்பது.

வராந்தாவுக்கு வந்ததும் நான் விடவில்லை.

"முப்பதா? நான் என்ன, முயல் தொரத்திட்டு வந்த நாயா?"

"சிரிக்காத ட்ரெவர். நீ மூச்சு விட்டப்புறம் இன்னொருத்தி இழுத்தா. உன் தலகாணி பக்கத்துல."

"எனக்குக் கேக்கலையே."

"நீ எங்க கேப்ப? உன் அழகுல நீயே மயங்கிக் கெடந்த."

"ஒருத்தி கூடப் படுத்திருந்தா போர்வையில பாதி கேட்டிருப்பாளே!"

ஹார்லன் சார் கையில், இறைச்சித் துண்டு வைத்துச் சுட்ட பெப்பரோனி ரொட்டி கடிபடாமலே இருந்தது.

"எந்தக் கட்டில்?" என்றார்.

"ஜன்னலோரம், மூணாவது."

"முப்பதுல பதினாலு போனா பதினாறு." ரொட்டியைப் பெஞ்சில் வைத்தார். "என் மொத வேலை இந்த வார்டுலதான். பன்னண்டு பேஷண்ட். ஒருத்தர் மூச்சையும் நான் எண்ணினதில்ல. எல்லாருக்கும் பதினாறுன்னு போட்டுட்டுப் போய் சிகரெட் பிடிப்பேன். ஒரு நாள் அந்தக் கட்டில்ல இருந்த அம்மா ஒம்போதுக்கே போய்ட்டாங்க. பத்து மணிக்குப் பதினாறு. பதினொண்ணுக்குப் பதினாறு. பன்னண்டுக்கும். எல்லாம் என் கையெழுத்து."

என் வாய் சும்மா இருக்குமா?

"செத்தும் சீரா மூச்சு விட்டிருக்காங்க. இப்படி ஒரு பேஷண்ட் யாருக்குக் கெடைக்கும் சார்? ஆனா ஒண்ணு வில்மாக்கா, பேயோட மூச்சையும் கணக்குல சேத்து எழுதிப் பெயிலான ஆள் உலகத்துலயே நீங்க ஒருத்திதான்."

வில்மாக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வாய மூடிட்டு வா. உன் பொண்ணுக்காகத்தான் வந்து படுக்கறேன்."

அதே கட்டில். கை கழுவினேன், பெயர் சொன்னேன், திரையை இழுத்தேன். இரண்டு விரலால் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"ஆரம்பிங்க" என்றார் தேர்வாளரம்மா.

வில்மாக்காவின் நீல ஸ்வெட்டர் ஏறி இறங்கியது. ஒன்று. ஏறி இறங்கியது. இரண்டு. அடுத்தது ஏறுவதற்கு முன்னால் ஓர் இழுப்பு கேட்டது.

அது ஸ்வெட்டரிலிருந்து வரவில்லை.

என் இடது காதருகே. ஈரமாக. அந்தப் பூ ஜாடித் தண்ணீர் நாற்றத்தோடு.

திரும்பவில்லை. திரும்பினால் எண்ணிக்கை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் புத்திசாலி, ஸ்வெட்டரை மட்டும் எண்ணினேன். பதினைந்து. மற்றதை எண்ணக் கூடாது என்றுதான் இருந்தேன். காது எண்ணிவிட்டது.

பதினாறு.

"போதும். எழுதுங்க."

பதினைந்து என்று எழுத வேண்டும். முதல் இலக்கமான ஒன்றைப் போட்டேன்.

வில்மாக்காவின் மார்பு நின்றது.

ஸ்வெட்டர் ஏறிய இடத்திலேயே நின்றது. வாய் திறந்திருந்தது, உள்ளே எதுவும் போகவில்லை. கண்கள் என்னைப் பார்த்தன. விரல்கள் என் சட்டையைப் பற்றின. காதருகிலும் சத்தம் இல்லை. திறந்த வாய் ஒன்று காத்திருப்பதுபோல ஒரு குளிர்ச்சி மட்டும்.

"சீக்கிரம்" என்றார் தேர்வாளரம்மா, கையிலிருந்த தாளைப் பார்த்தபடி.

ஒன்றுக்குப் பக்கத்தில் ஓர் ஐந்து போட்டால் ஜோசி.

பேனாவை அழுத்தினேன். வில்மாக்காவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. என் சட்டையைப் பிடித்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

அந்த ஒன்றைக் கோடு போட்டு அடித்தேன். முப்பத்தொன்று என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டு, தாளைத் தேர்வாளரம்மாவிடம் கொடுத்தேன். அவர் தன் கணக்கைப் பார்த்தார், என் கணக்கைப் பார்த்தார், தலையை ஆட்டிச் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

வில்மாக்கா ஒரு விக்கலோடு மூச்சை இழுத்தார். விட்டார்.

பிறகு, அவசரமே இல்லாமல், என் காதருகே இன்னொருத்தி இழுத்தாள்.