ஒரு தலை குறைகிறது

சுவரில் இரண்டு திருகாணித் துளைகள் இருந்தன. அவற்றின் வழியே காற்று வந்துகொண்டிருந்தது.

ஹிண்டா ரோஸ்னர் விரலை வைத்துப் பார்த்தாள். ஊசி குத்துவது போன்ற மெல்லிய குளிர். கூடவே ஒரு வாடை, ஈர நிலக்கரியும் நனைந்த கம்பளியும் கலந்தது போல. அந்தச் சுவருக்கு அப்பால் வெளி கிடையாது. பார்வையாளர்கள் கோட்டு மாட்டும் அறைதான் இருந்தது, அங்கே ஒஹாயோவின் பிப்ரவரி முழுக்க வெந்நீர்க் குழாய் முனகிக்கொண்டே இருக்கும். யூதப் படுகொலையில் மாண்டவர்களுக்காக எழுந்த இந்த நினைவகத்தில் பத்தொன்பது வருடமாகப் பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறவள் அவள். எந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்வாள்.

துளைகளுக்கு நடுவே, தகடு இருந்த அளவுக்குச் சுவர் வெளுத்திருந்தது. நேற்று வரை அந்தப் பித்தளைத் தகட்டில் 'ஹிண்டா ஃபைன்ட்ஸைக், ஒன்பது வயது' என்று இருந்தது.

"காத்தா? எங்க?" நினைவகத்தின் இயக்குநர் மார்வின் கெல்பர் தன் பருத்த உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையே. உங்க கைதான் ஐஸ் மாதிரி இருக்கு. மதியம் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"சூப்பு."

"என்ன சூப்பு?"

அவளுக்கு நினைவு வரவில்லை. சாப்பிட்ட ஞாபகம் இருந்தது, ருசி இல்லை. ஒரு வாரமாகவே அப்படித்தான்.

"வருத்தப்படாதீங்க ஹிண்டா. இது நல்ல சேதி இல்லையா? செத்துப்போனவங்கன்னு நினைச்சவங்க உயிரோட இருக்காங்க. ஆனா தகடு இருக்கக் கூடாது. இதெல்லாம் நடக்கவே இல்லைன்னு சொல்றதுக்குன்னே ஆளுங்க திரியறாங்க. ஒரு பேரு தப்புன்னா மிச்ச நாலாயிரமும் தப்புன்னுருவான்."

"தெரியும் மார்வின். கையெழுத்துப் போட்டேனே."

"நம்ம பட்டியலை வாங்கி வச்சிருந்த நினைவிடம் நாடு முழுக்கப் பதினொண்ணு இருக்கு. எல்லாத்துக்கும் எழுதிட்டேன். நேத்தோட எல்லா எடத்துலயும் எடுத்தாச்சு. தெற்கே ஒருத்தர் கேக்கறார், எடுத்ததுலேருந்து அந்த அறை மட்டும் சூடாகலையாம், உங்க ஊர்லயும் அப்படியான்னு. நான் என்ன ஹீட்டர் மெக்கானிக்கா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

உயிரோடிருப்பவர் பெயரைக் குழந்தைக்கு வைப்பது அவர்களுடைய யூதக் குடும்பங்களின் வழக்கத்தில் இல்லை. பட்டியலோடு வரும் மரண தூதன் எந்த ஹிண்டா என்று குழம்பி, கையில் கிடைத்தவளைக் கூட்டிப் போய்விடுவான் என்பார்கள். செத்தவர் பெயரைத்தான் வைப்பார்கள், அந்தப் பெயராவது நடமாடட்டும் என்று. ஹிண்டாவின் அம்மா கிட்டல் அப்படித்தான் போலந்தில் மாண்டுபோனதாக நம்பிய தன் தங்கையின் பெயரை 1953-ல் மகளுக்கு வைத்தாள். பிற்பாடு அதே பெயரை இந்தச் சுவருக்கும் கொடுத்தாள். கிட்டல் செத்து இருபது வருடம் ஆன பிறகு, போன மாதம், மான்டெவிடியோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொண்ணூற்றிரண்டு வயதில் சித்தி உயிரோடிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசினார்கள்.

"நீதான் என் பேரைத் தூக்கிட்டுத் திரியறவளா?"

"ஆமாம் சித்தி."

"உங்கம்மாவுக்கு எப்பவும் அவசரம். அடுப்புல பால் வச்சாக்கூட பொங்கறதுக்குள்ள எறக்கிருவா." கிழவி இருமலும் சிரிப்புமாகக் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு குரல் தாழ்ந்தது. "எங்க ஊர் சதுக்கத்துல பட்டாளத்துக்காரங்க எங்களை வரிசையா நிக்கவச்சு எண்ணினாங்க. நான் ஒரு வண்டிக்கு அடியில பூந்து போயிட்டேன். ஒரு தலை குறைஞ்சுபோச்சு. மறுபடி எண்ணினாங்க. மறுபடியும். இருட்டற வரைக்கும் அத்தனை பேரும் பனியில நின்னாங்களாம். அப்புறம் அந்த வழியா போன ஒருத்தியைப் புடிச்சு என் எடத்துல நிறுத்தினாங்க. கணக்கு சரியாயிருச்சு. அவ யாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"சித்தி..."

"பேரு அந்தச் சுவத்துல இருக்குன்னு சொன்னியே. கழட்டிராதே. அது என் எடத்துல நிக்கட்டும். எண்ணறவன் எண்ணிட்டுப் போகட்டும்."

அதை ஹிண்டா மார்வினிடம் சொல்லவில்லை. என்ன சொல்வது? தகட்டை எடுக்கச் சம்மதம் கேட்டுக் காகிதம் வந்தது, கையெழுத்துப் போட்டாள். துக்கமில்லை, பயமில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போவதுபோல உள்ளே ஏதோ மரத்திருந்தது.

இரண்டரை மணிக்குப் பள்ளிக்கூடப் பேருந்து வந்தது. ஏழாம் வகுப்பு, இருபத்தேழு பிள்ளைகள். ஆசிரியை மிஸ் பர்டெட், தடித்த கண்ணாடி போட்ட இளம்பெண், வாசலிலேயே விரலை நீட்டி எண்ணிச் சரிபார்த்துக்கொண்டாள். ஹிண்டா வழக்கம்போல் சுற்றிக் காட்டினாள். தன் வாய் தானாகப் பேசுவதை அவளே தள்ளி நின்று கேட்டாள். கடைசியாகப் பெயர்ச் சுவர் அறை. கோட்டு அறைக்கும் வாசலுக்கும் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

"சுவரோரமா வரிசையா நில்லுங்க. எண்ணிட்டுக் கெளம்பலாம்." மிஸ் பர்டெட்டின் விரல் ஒவ்வொரு தலையாகத் தாண்டியது. "இருபத்தாறு. யாரு இல்ல?"

"எல்லாரும் இருக்கோம் மிஸ்."

"கோல்டன் இல்லாமப் போயிருந்தா நல்லாயிருக்கும் மிஸ்."

சிரிப்பு. கோல்டன் என்ற நெட்டைப் பையன் கையைத் தூக்கி ஆட்டினான். அவனும் இருந்தான்.

தாழ்வாரத்துக்குத் திரும்பக் கூட்டிப்போய் எண்ணினாள். இருபத்தேழு. அறைக்குள் வந்து எண்ணினாள். இருபத்தாறு.

"எனக்குக் காபி பத்தலை மேடம்," என்றாள் ஹிண்டாவிடம். பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "நீங்களே ஒவ்வொருத்தரா நம்பர் சொல்லிட்டு வாங்கப்பா."

ஒன்று, இரண்டு, மூன்று. குரல்கள் சுவரோரமாக ஓடின. கடைசியில் நின்ற சின்னஞ்சிறு பெண், ப்ரீ என்று கூப்பிட்டார்கள், "இருபத்தாறு" என்றாள். சொன்ன வாயிலிருந்து ஆவி வந்தது.

எல்லோர் வாயிலிருந்தும் ஆவி வந்தது.

"இன்னொரு தடவை," என்றாள் மிஸ் பர்டெட்.

எண்ணினார்கள். இருபத்தாறு.

"இன்னொரு தடவை."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வெளியே பேருந்து ஹாரன் அடித்தது, வெகு தொலைவில் அடிப்பதுபோல. மிஸ் பர்டெட்டின் முகத்தில் எரிச்சல்கூட இல்லை, வெறுமையாக இருந்தது. விரல் மட்டும் நகர்ந்தது. அவள் வாய் திறப்பதற்கு அரை நொடி முன்பே ஒவ்வொரு எண்ணும் அறைக்குள் எங்கோ கேட்டது. ஆண் குரல். பொறுமையான குரல்.

"மிஸ்," என்றாள் ப்ரீ மெதுவாக, "எனக்குப் பக்கத்துல யாருக்கு எடம் விட்டிருக்கோம்?"

அப்போதுதான் ஹிண்டா பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கும் அடுத்தவனுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி. யாரும் விடச் சொல்லவில்லை. நெருங்கி நின்ற பிள்ளைகள் தாமாகவே விலகியிருந்தார்கள். அதற்கு நேர் பின்னே, சுவரில், வெளுத்த இடம்.

ப்ரீயின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அவள் கால் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. இடைவெளியை நோக்கி. அவள் நகர்த்தவில்லை.

அந்த வழியாகப் போன ஒருத்தி.

ஹிண்டா நடந்தாள். துணிச்சல் என்று ஒன்றும் அவளுக்குள் எழவில்லை. கோட்டு எடுக்கப் போவதுபோல நடந்தாள். ப்ரீயின் தோளைப் பிடித்து மெல்லத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் சுவருக்கு முதுகு காட்டி நின்றாள்.

"இருபத்தேழு," என்றாள் மிஸ் பர்டெட். தூக்கத்திலிருந்து எழுந்தவள்போல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஐயோ மேடம், உங்களையும் சேர்த்து எண்ணிட்டேன் போல. பரவால்ல, வெளியில வச்சு எண்ணிக்கறேன். எல்லாரும் மேடத்துக்கு நன்றி சொல்லுங்க."

நன்றி மேடம், நன்றி மேடம். பிள்ளைகள் தள்ளிக்கொண்டு போனார்கள். கோட்டுகளின் சரசரப்பு. ப்ரீ ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். வாசலில் மிஸ் பர்டெட்டின் குரல் இருபத்தேழு என்று முடிந்தது. கதவு சாத்திக்கொண்டது.

ஹிண்டாவும் போகலாம் என்று நினைத்தாள்.

கால் வரவில்லை.

மார்வின் எட்டிப் பார்த்தார். அவர் பார்வை அவள்மேல் பட்டு, அவளைத் தாண்டி, சுவர் நெடுகப் போயிற்று. "ஹிண்டா? கெளம்பிட்டீங்களா?" கொஞ்ச நேரம் காத்து நின்றார். "சொல்லாம போறவங்க இல்லையே," என்று தனக்குள் முனகினார்.

இங்கே இருக்கேன் என்று சொல்ல வாய் திறந்தது. வரிசையில் பேசக் கூடாது என்று வாய்க்குத் தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள்? மூடிக்கொண்டது.

விளக்கு அணைந்தது.

இடது பக்கம் ஒரு தோள் அவள் தோளில் உரசியது. நனைந்த கம்பளி. அதற்கப்பால் இன்னொரு மூச்சு. அதற்கப்பால் இன்னொன்று. சுவர் முடிய வேண்டிய இடத்தைத் தாண்டியும் மூச்சுகள் போய்க்கொண்டே இருந்தன. எங்கோ ஒரு குழந்தை இருமலை அடக்கியது.

வெகு தூரத்து முனையில் எண்ணத் தொடங்கினார்கள்.

அவசரமில்லாத குரல். நூறு. ஆயிரம். பூட்ஸ் காலடியில் பனி நொறுங்கும் சத்தம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கிட்டே வந்தது. ஒரு விரல் அவள் நெற்றியைத் தொடாமல் தொட்டு, ஓர் எண்ணைச் சொல்லி, கடந்தது.

கணக்கு சரியாக இருந்தது.

யாரையும் போகச் சொல்லவில்லை.

குரல் அந்த முனைக்குத் திரும்பிப் போய் ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. கூரைக்குக் கீழே, இருட்டில், பனி விழுந்துகொண்டிருந்தது. ஹிண்டாவின் திறந்த கண்மேல் ஒரு பனித்துகள் வந்து அமர்ந்தது.

அது உருகவில்லை.