பேஸ் குமிழ்

பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரமாகியும் சப்-ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டி உறுமுவதை நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கெப்பாசிட்டரில் மிச்ச மின்சாரம் நிற்கும், வேறொன்றுமில்லை என்று அவன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பின்பக்கத் தகட்டின் எட்டுத் திருகுகளையும் கழற்றி ஒரு டப்பா மூடியில் போட்டான். பெட்டி திறந்ததும் கருகிய தூசியின் வாடை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை, அப்பா நெஞ்சில் தேய்த்துக்கொண்டிருந்த தைலத்தின் வாடை, மூக்கில் வந்து குந்திக்கொண்டது.

இந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்ததே அப்பாதான். மகன் நன்றி காட்டிய லட்சணத்தைத்தான் சொல்ல வேண்டும்.

படுத்த படுக்கையான பிறகு, ஏதாவது வேண்டுமென்றால் அப்பா அடுத்த அறையிலிருந்து சுவரில் மூன்று முறை தட்டுவார். இரண்டு மாதத்துக்கு முன், மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், தட்டல் கேட்டது. நன்றாகவே கேட்டது. காலையிலிருந்து அது பத்தாவது தடவை. சலித்துப்போய், ஓடிக்கொண்டிருந்த பாட்டின் அடிச்சத்தத்தைக் கூட்டும் பேஸ் குமிழை வலது ஓரம்வரை திருகினான். பாட்டுக்கு அடியில் மூன்று தட்டு. பிறகு இரண்டு. பிறகு ஒன்று. அதற்கப்புறம் நிம்மதி, வெட்கங்கெட்ட நிம்மதி.

"மாமா தட்டினது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?" என்று, சாயங்காலம் வந்து அப்பாவின் உயிரற்ற உடலைக் கண்ட மனைவி அழுதபோது, "பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்று நாக்குக் கூசாமல் சொன்னான். அவள் மறுபடி கேட்கவில்லை. நம்பிவிட்டாளா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

உப்பியிருந்த கெப்பாசிட்டரை மாற்றினான். உறுமல் அடங்கவில்லை. ஸ்பீக்கரைத் தனியே கழற்றி, இரண்டு ஒயர்களையும் வெட்டி, செய்தித்தாளில் மல்லாக்க வைத்தான். உறுமல் நின்றது. இனி அது வெறும் காகிதக் கூம்பும் காந்தமும்தான்.

தொம். தொம். தொம்.

கூம்பு அமுங்கி அமுங்கி எழுந்தது. விரல் முட்டி பட்டதுபோல் நடுவில் ஒரு குழி.

"ஏங்க, யாரோ தட்டுற மாதிரி இருக்கே?" சமையலறையிலிருந்து மனைவி.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

அதே பொய். அதே குரல்.

கழற்றி வைத்த தகட்டில் பேஸ் குமிழ் அசைந்தது. தானாக. மெதுவாக. வலது ஓரம்வரை.

ஒயரில்லாத ஸ்பீக்கர் அதிர்ந்தது. அன்றைய அதே பாட்டு. மேசை நடுங்கியது. நெஞ்சுக்கூடு நடுங்கியது. பிறகு நெஞ்சை ஏதோ இறுக்கிப் பிடித்தது. கத்தினான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. சுவரோரம் சரிந்தான். விரல் முட்டியால் தட்டினான். மூன்று.

"அப்பாடா, சரியாயிடுச்சு! இப்பதான் கேக்க நல்லா இருக்கு!" சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

இரண்டு.

கை கனத்தது.

ஒன்று.

சுவரோடு ஒட்டிய காதில், அடுத்த அறையில் அப்பாவின் காலிக் கட்டில் கிரீச்சிட்டது. அதில் யாரோ நிம்மதியாகப் புரண்டு படுத்தார்கள்.