தண்ணீர் நிற்கிற இடம்

பக்கீர் இன்று வாயே திறக்கவில்லை. கரையால் நடந்து வரும்போதே மீன் விலையில் தொடங்கி மச்சானின் காணி வழக்குவரை கதைத்துத் தள்ளும் மனிதன் அவன்.

அறுபத்திரண்டாம் வருட மாரி. முல்லைத்தீவுக் கரையில் தூறல் இருட்டோடு கலந்து, கரை ஒதுங்கிய சாதாழைப் பாசி அழுகி நாறி, கடல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத அந்தப் பொழுதில், ஏரம்பு தன் வீட்டு வாசற்படியோரம் நட்டிருந்த அளவுக்கல்லில் அறுபத்தாறு அடி அளவுச் சங்கிலியின் ஒரு முனையை மாட்டிவிட்டுக் காத்திருந்தார். மணலில் கிடக்கும் மறுமுனையை எடுத்து, தண்ணீர் நிற்கிற இடத்தில் பிடித்து, இரண்டுதரம் இழுத்துக் காட்டுவது பக்கீரின் வேலை. வருடக்கணக்காக இதே வேலைதான். கடல் கிணற்றைத் தின்றது, தென்னைகளைத் தின்றது. ஏரம்பு அளந்து நில அளவைக் கந்தோருக்குக் கணக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒரு சங்கிலி நீளத்துக்குள் கடல் வந்தால் வீட்டை விட்டு எழும்பவேண்டும் என்று கந்தோரில் சொல்லியாயிற்று. எழும்பி எங்கே போவது? மனைவி கமலாசனியையும் கூட்டிக்கொண்டு இன்னொரு மண்ணில் வேலி அடைக்க அவருக்கு உடம்பிலும் தெம்பில்லை, மனதிலும் இல்லை.

இரண்டு இழுவை வந்தது. சங்கிலி முழு நீளத்துக்கும் விறைத்து நின்றது. அப்பாடா, இந்தமுறை வீடு தப்பியது. தூறலுக்குள் முக்காடு போட்ட உருவம் மங்கலாகத் தெரிந்தது.

“சரி பக்கீர், வீட்டை வாரும். தேத்தண்ணி குடிப்பம்.”

உருவம் வீட்டுப் பக்கம் திரும்பியது. இன்று வாய் திறக்காதது அலுப்பிலாக்கும் என்று நினைத்தபடி ஏரம்பு கால் கழுவப் பின்வளவுக்குப் போனார்.

பின்வேலிப் படலையில் சைக்கிள் மணி அடித்தது. கம்பளி போர்த்திக்கொண்டு பக்கீர் நின்றான்.

“குறை நினையாதேங்கோ அண்ணை. காலமை தொடக்கம் காய்ச்சல். இண்டைக்குக் கடற்கரைப் பக்கமே வரேல்லை.”

ஏரம்பு முன்வாசலுக்கு ஓடினார். சங்கிலி கல்லில் மாட்டியபடியே கிடந்தது. மறுமுனை கடல் பக்கம் இல்லை. மணலில் ஈரம் இழுபட்டிருந்தது. அந்த ஈரத்தோடு சங்கிலியும் படி ஏறி, வீட்டுக்குள் போயிருந்தது.

குசினி அடுப்படியிலிருந்து கமலாசனியின் குரல் கேட்டது.

“இஞ்சாருங்கோ, பக்கீர் தம்பி நிக்கிற இடமெல்லாம் தண்ணி ஊறுது. முக்காட்டை எடுக்கச் சொல்லுங்கோ. முகமும் தெரியேல்லை.”

“கமலாசனி! வெளியிலை வா!”

விளக்கு அணைந்தது. உள்ளே, அலை ஒன்று மெதுவாக வந்து சுவரில் மோதியது.

தரையில் கிடந்த சங்கிலி எழும்பியது. கல்லிலிருந்து குசினிவரை விறைத்தது.

இரண்டு இழுவை.