கைக்கும் திரைக்கும் நடுவில்

விரலை விசையிலிருந்து எடுத்த பிறகும் திரையில் இருந்தவன் ஓர் எட்டு நடந்தான். தீபக் தன் விரலைப் பார்த்தான். அது காற்றில்தான் இருந்தது.

வேறு வேலையில் ஓர் எட்டு ஒரு பொருட்டில்லை. நால்வர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டில், சுவர் மறைவை விட்டு ஓர் எட்டு வெளியே வந்தால் ஆள் காலி. திரையின் மூலையில் பிங் என்று ஓர் எண் உண்டு. இவன் கை சொல்வது எங்கோ தொலைவில் இருக்கும் கணினிக்குப் போய்த் திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று அது காட்டும். நாற்பதுக்குள் இருந்தால் நிம்மதி. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அது முந்நூற்று நாற்பதில் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றது.

எட்டு மணிக்குத் தகுதி ஆட்டம். அணித்தலைவன் வசந்த்குமார், கோயம்புத்தூர்க்காரன், மத்தியானமே கூப்பிட்டுச் சொல்லிவிட்டான். "இன்னிக்கும் இழுத்துச்சுன்னா ஒனக்குப் பதிலா ஜீவாவ உள்ள போட்டுக்குவேன், தீபக்கு. தப்பா நெனச்சுக்காத."

தப்பாக நினைக்க அதில் ஒன்றுமில்லை. தேயிலை ஏலக் கம்பெனியில் எழுத்தர் வேலை கிடைத்துக் குன்னூருக்கு வந்து எட்டு மாதமாகிறது. பகலெல்லாம் பட்டியல் அடிக்கிறான். சாயங்காலம் மூடுபனி இறங்கினால் தெருவில் பேச ஓர் ஆள் கிடையாது. ஹெட்போனில் வரும் அந்த மூன்று குரல்கள்தான் அவனுக்கு ஊர், கூட்டாளி, எல்லாம். அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

டிவியை அணைத்தான். மனைவி ஸ்ரீமதியின் போனில் வைஃபையை நிறுத்தினான். ரூட்டரை அணைத்துப் போட்டான். அக்கம்பக்கத்து வைஃபைகள் எந்தச் சேனலில் நெருக்கியடிக்கின்றன என்று பார்த்து, ஆள் இல்லாத சேனலுக்கு மாற்றினான். எண் கொஞ்சம் இறங்குவதுபோல் போக்குக் காட்டிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டது. குற்றம் சுவரில் இருந்தது. பர்லியார் சாலைக்கு மேலே, தேயிலைச் சரிவின் ஓரத்தில், வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் வீடு அது. முன்னறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே இரண்டடி கனத்துக்குக் கல். ரூட்டர் முன்னறையில், குடும்பமும் அவன் கணினியுமோ மழைக்காலம் முழுக்கப் படுக்கையறையில், ஏனென்றால் நெருப்புச் சட்டி இருப்பது அங்கேதான்.

இரும்புச் சட்டியில் கரியைக் கனியவைத்து அறைக்குள் கொண்டுவந்து வைப்பது மலையில் வழக்கம். மின்சார ஹீட்டர் போட்டால் அந்த வீட்டு ஃபியூஸ் தாங்காது. அடுத்த வீட்டு சுமலதா, எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள், முதல் குளிரிலேயே ஸ்ரீமதியிடம் இரண்டு விஷயம் சொல்லியிருந்தாள். சட்டி உள்ளே இருக்கிறவரை ஜன்னல் ஒரு விரல் அகலமாவது திறந்திருக்க வேண்டும். கண் அசரும் முன்னால் சட்டி வெளியே போய்விட வேண்டும். இல்லாவிட்டால் கரியிலிருந்து வரும் நச்சுக்காற்று தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள்தான் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திக்கொள்வார்கள் என்றும் சொன்னாளாம். ஸ்ரீமதி ஒரு நாளும் அதில் தவறியதில்லை.

தீபக் ரூட்டரையே படுக்கையறைக்குக் கொண்டுவந்தான். வீட்டைச் சுற்றிக் கூரையடியில் சுருட்டி விட்டிருந்த இணையக் கேபிளை அவிழ்த்து, மழையில் நனைந்துகொண்டே பின்பக்கம் இழுத்துவந்து, அந்த ஒரு விரல் சந்து வழியாக உள்ளே விட்டான். ரூட்டர் ஜன்னல் திட்டில் உட்கார்ந்தது. எண் தொண்ணூறு. தீபக்குக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் கேபிள் வந்த வழியிலேயே பனியும் வந்தது. புகை மாதிரி மெல்ல உள்ளே வழிந்து ரூட்டரின் மேல் ஈரமாகப் படிந்தது. பச்சை விளக்கு சிவப்பாக மாறி, கண் சிமிட்டி, மறுபடி பச்சையாயிற்று. எண் இருநூற்று ஐம்பதுக்குத் தாவியது. துண்டால் துடைத்தான். இறங்கியது. மறுபடி படிந்தது, மறுபடி தாவியது. மணி ஏழரை.

கட்டிலில் ஸ்ரீமதி பத்து மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முந்தைய இரவு முழுக்கக் குழந்தைக்குக் காய்ச்சல், அவளுக்குக் கண் சொருகியது. அவன் ஜன்னல் கொக்கியைத் தொட்டபோது மட்டும் தலையைத் தூக்கினாள்.

"ஏனுங்க, சாத்தீராதீங்க. சட்டி உள்ள இருக்குது."

"கொஞ்ச நேரந்தான், ஸ்ரீ. ஒரு ரவுண்டு முடிஞ்சொடனே தெறந்துர்றேன். சட்டியவும் நானே வெளிய வெச்சுக்கறேன், நீ தூங்கு."

அவள் அவனை நம்பினாள். அவனும் தன்னை நம்பித்தான் சொன்னான். ஜன்னலைச் சாத்தி, கேபிள் நுழைந்த இடத்தில் மூன்று சுற்று பேக்கிங் டேப் ஒட்டினான். கதவடியில் கம்பளி ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்தது. எண் அறுபது. முப்பத்தெட்டு. திரையில் இருந்தவன் சொன்ன இடத்தில் நின்றான்.

எட்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. தகரக் கூரையில் மழை சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. சட்டியில் கரி சின்னச் சின்னதாய் வெடித்தது. சூடேறிய இரும்பின் வாடையும் குழந்தையின் நெஞ்சில் தடவிய தைலத்தின் வாடையும் ஈரக் கம்பளியின் வாடையும் கலந்து அறை கதகதவென்றிருக்க, ஹெட்போனுக்குள் மூன்று பேரும் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எட்டு மாதத்தில் அவன் இப்படி ஆடியதில்லை. முதல் ரவுண்டு அவர்களுடையது. எண் இருபத்தொன்று.

ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தான். ஸ்ரீமதி சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கியிருந்தாள், குழந்தை மஞ்சள் போர்வைக்குள் இந்தப் பக்கம். திறந்தால் பனி வரும், பனி வந்தால் எண் ஏறும். அடுத்த ரவுண்டு முடியட்டும் என்றான்.

இரண்டாவது ரவுண்டில் நெற்றிப்பொட்டு வலித்தது. ஹெட்போன் இறுக்குகிறது என்று தளர்த்திக்கொண்டான். எண் ஒன்பது. அவ்வளவு கீழே அவன் பார்த்ததேயில்லை. இவ்வளவு சுலபமான காரியத்துக்கா இத்தனை மாதம் கஷ்டப்பட்டோம் என்று சிரிப்பு வந்தது. மழை விட்டிருக்க வேண்டும், சத்தம் எங்கோ கீழே, ரோட்டுப் பக்கம் கேட்பது போலிருந்தது. கூரையைப் பார்த்தான். ஒழுகும் மூலையில் தண்ணீர் விடாமல் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாவது ரவுண்டு. எண் ஒன்று.

இடப்பக்கம் ஓட நினைத்தான். திரையில் இருந்தவன் ஓடினான். அப்புறம்தான் தீபக்கின் விரல் விசையில் இறங்கியது. இவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக, யாருடைய விரலோ மாதிரி இறங்கியது. நாக்கு வறண்டது. பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரை எடுக்க நினைத்தான். திரையில் இருந்தவன் குனிந்து தரையில் கிடந்த எதையோ எடுத்தான்.

தீபக்கின் கை மேசையில் அப்படியே இருந்தது.

எழுந்திரு என்று காலுக்குச் சொன்னான். திரையில் இருந்தவன் எழுந்தான். திரும்பு என்றான். அவன் திரும்பினான், ஒரு நொடி கூடப் பிந்தாமல். தீபக்கின் கழுத்து மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. கட்டில் தெரிந்தது. மஞ்சள் போர்வை தெரிந்தது. ஜன்னல் டேப்பின் ஓரம் தெரிந்தது. எல்லாம் மூன்று எட்டு தூரம். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்தது மட்டும்தான் மிச்சம்.

ஸ்ரீமதி என்று கத்தினான். உதடு பிரியவில்லை. ஆனால் ஹெட்போனில் அவன் குரல் கேட்டது, தெளிவாக, உற்சாகமாகக் கூட.

"ஸ்ரீமதி, ஜன்னலத் தெற."

"எந்த ஜன்னலுப்பா?" என்று வசந்த்குமார் கேட்டான். "மாடியில இருக்கறதா?"

இல்லை. இல்லை. இங்கே. என் வீட்டில்.

"மூச்சு முட்டுது" என்றது அவன் குரல்.

"எல்லாத்துக்கும் அப்பிடித்தான்ப்பா இருக்குது. கடைசி ரவுண்டு. விட்டுராத."

மற்ற இருவரும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள். எட்டு மாதமாக எந்தச் சிரிப்புக்காக ஏங்கினானோ அதே சிரிப்பு.

ஜன்னல், ஜன்னல் என்று உடம்பு முழுவதையும் கூட்டிச் சொன்னான். உயிரையே சேர்த்துச் சொன்னான். திரையில் இருந்தவன் மாடிப்படி ஏறினான். கதவைத் தள்ளினான். ஓர் அறைக்குள் நுழைந்து, நேராக ஜன்னலுக்குப் போய், துப்பாக்கிக் கட்டையால் கண்ணாடியை அடித்து நொறுக்கினான். வெளியே நீல வானம். மரங்கள் ஆடின. அவ்வளவு காற்று. அவன் குதித்தான். யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்து, எதிரணியில் எஞ்சிய இரண்டு பேரையும் சுட்டான்.

ஹெட்போனில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஜெயித்துவிட்டோம் என்றார்கள். இனி ஓர் ஆட்டத்திலும் தீபக்கை விட்டு ஆடப்போவதில்லை என்று வசந்த்குமார் சொன்னான்.

தீபக் மஞ்சள் போர்வையைப் பார்த்தான். மற்ற எதையும் பார்க்க முடியவில்லை. கழுத்து அங்கே நின்றிருந்தது. சட்டியின் சிவப்பு வெளிச்சத்தில் போர்வை மெல்ல ஏறியது. இறங்கியது. வெகு நேரம் கழித்து ஏறியது. இறங்கியது.

ஏறவில்லை.

பிந்துகிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டான். வந்துவிடும். கொஞ்சம் இழுக்கிறது. இழுத்தாலும் கடைசியில் வந்துதானே சேரும். கண்ணை மூட முடியாமல், பெயர் சொல்லிப் பாராட்டும் குரல்கள் காதில் விழ, அடுத்த மூச்சுக்காக அவன் அந்தப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தான்.