காதில்லாத முயல்

தொப்பையைப் பேருந்தில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து பொடியன் சரியாகச் சாப்பிடவில்லை. தொப்பை என்பது அவனுடைய துணி முயல். வயிற்றில் மட்டும் பஞ்சு பிதுங்கிக்கொண்டு நிற்கும், அதனால் அந்தப் பெயர். அது பக்கத்தில் இல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

அன்று பொம்மையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் அக்கா சிட்டு. தம்பியை இறக்குகிற அவசரத்தில் இருக்கையிலேயே விட்டவளும் அவள்தான். யாரிடமும் சொல்லவில்லை. உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அவள் பள்ளியிலிருந்து வந்தபோது, பொடியன் அப்பாவின் கணினியில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். இப்போதுதான் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான், பாவம். தேடும் பெட்டியில் இப்படி எழுதியிருந்தான்: 'தொப்பை எங்க இருக்க? வீட்டுக்கு வா.'

"அக்கா, பதில் வந்திருச்சு! படிச்சுச் சொல்லு!"

சிட்டு படித்தாள். 'தொப்பை குறைய எளிய வழிகள்.' சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

"அதுக்கு நம்ம தொப்பையைத் தெரியாதுடா. நாம எழுதுற வார்த்தை எங்கெல்லாம் இருக்கோ, அதையெல்லாம் அள்ளிக்கிட்டு வரும்."

'முயல் பொம்மை' என்று தட்டினாள். அடேயப்பா, எத்தனை கடைகள்! அதையே வேறொரு தேடுபொறியில் தட்டினாள். அது பொம்மை தைப்பது எப்படி என்று பாடம் நடத்தியது.

"ஒரே கேள்விதானே கேட்ட? ரெண்டும் வேற வேற சொல்லுதே!"

"ரெண்டும் வேற வேற ஆளுங்க மாதிரிடா. நாம இன்னும் தெளிவா கேக்கணும்."

'பேருந்தில் கிடைத்த முயல் பொம்மை' என்று இரண்டிலும் போட்டாள். ஊர்ப் பெயரையும் சேர்த்தாள். ம்ஹூம், முயலின் வால்கூடக் கிடைக்கவில்லை. பொடியனின் உதடு துடித்தது.

அந்த நேரம் பார்த்து மாடி வீட்டு மாமா சாவி வாங்க வந்தார். சிட்டு கணினியில் இருந்த தொப்பையின் படத்தைக் காட்டினாள். "மாமா, இதை எங்கேயாவது பார்த்தீங்களா?"

மாமா கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். "இல்லியேம்மா. எலி நல்லா கொழுகொழுன்னு இருக்கே!"

"எலி இல்ல! முயல்!" பொடியன் ஓவென்று அழுதான்.

மாமாவைச் சொல்லிக் குற்றமில்லை. பல் முளைத்த காலத்திலேயே தொப்பையின் இரண்டு காதுகளையும் பொடியன் கடித்துத் தீர்த்திருந்தான்.

சிட்டு சட்டென்று நிமிர்ந்தாள். "டேய், நமக்குத்தான் அது முயல். எடுத்தவங்க என்னன்னு எழுதியிருப்பாங்க?"

'முயல்' என்பதை அழித்துவிட்டு 'எலி' என்று போட்டாள். முதல் தேடுபொறி எலிப்பொறி விற்க வந்தது. இரண்டாவதில், பேருந்து அலுவலகத்தின் இணையப் பக்கம் ஒன்று இருந்தது. 'சாம்பல் நிற எலிப் பொம்மை. பெரிய வயிறு. உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்.'

"அப்பாஆஆ!"

சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்த அப்பா பதறி ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கசங்கின சட்டையோடே இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அலுவலகத்தில் இருந்த அம்மாளின் மேஜைமேல் தொப்பை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கழுத்தில் 'எலி' என்று ஒரு சீட்டு.

"அலமாரிக்குள்ள ஒரே இருட்டு. பயப்படுமேன்னு பக்கத்துலயே வச்சுக்கிட்டேன்" என்றார் அவர்.

பொடியன் அதை வாரி அணைத்துக்கொண்டான். பிறகு சீட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "ஆன்ட்டி, ஒரு பேனா குடுக்கிறீங்களா?"

'எலி'யை அடித்துவிட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு 'முயல்' என்று எழுதினான்.

திரும்பும் பேருந்தில் சிட்டு மெதுவாகச் சொன்னாள். "நான்தான்டா அன்னிக்கு அதை விட்டுட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா? ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"நீ அழுவியே" என்றான் பொடியன். பிறகு காது இருந்த இடத்தில் வாயை வைத்துத் தொப்பையிடம் கிசுகிசுத்தான். "உன்னை எலின்னு சொன்னதுக்கு அக்காமேல கோவிச்சுக்காத. அப்படிச் சொன்னதாலதான் நீ கிடைச்ச."

சிட்டு ஒரு கையால் தம்பியையும் மறு கையால் தொப்பையையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை இரண்டையும் விடவில்லை.