இரண்டு குழாய்களும் ஒரு மேஸ்திரியும்

உம்மு சல்மா மெட்ராஸிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து ஹபீபாவுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

சல்மா அவளுடைய சின்னத்தா மகள், அப்பாவின் தம்பி பெண். லீவுக்கு வந்திருந்தாள். நல்ல பெண்தான். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்ட பெண்ணாக இருந்தால் ஒரு சண்டையாவது போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

ஹபீபாவின் அத்தா சௌகத் அலி செங்கல்பட்டில் மரப்பட்டறை வைத்திருந்தார். கரண்டில் ஓடும் ரம்ப மெஷின் ஒன்று, இழைப்பு மெஷின் ஒன்று. இரண்டும் ஓட ஆரம்பித்தால் பட்டறை மாவு மில் மாதிரி ஆகிவிடும். அத்தாவின் புருவம்கூட வெள்ளையாகிவிடும். இருமல் வேறு.

"தூசியை நிறுத்துங்க. இல்லாட்டி மெஷினை நிறுத்துங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் மெட்ராஸ் கடைக்காரர் உலகநாதன் தூசி உறிஞ்சும் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். கூடவே இரண்டு குழாய்கள். ஒன்று ஒல்லியான, பளபளக்கும் ரப்பர் குழாய். இன்னொன்று உள்ளே கம்பி வளையம் வைத்த, தொளதொளவென்று அகலமான கித்தான் துணிக் குழாய்.

"ரெண்டுல ஒண்ணுதான் பாய். சதுரங்கப்பட்டினம் போய்ட்டு நாளைக்கு வரேன். வேணாங்கறத எடுத்துகினு போறேன். அப்புறம் மாத்தித் தர முடியாது" என்றார் அவர்.

அத்தா சல்மாவைத்தான் கேட்டார். "நீ மெட்ராஸ்ல பாத்திருப்பியேம்மா. எது நல்லது?"

"எங்க தெருப் பட்டறையில ரப்பர்தான் பெரியத்தா. கைய வச்சிப் பாருங்க, எப்படி இஸ்துகினு போவுதுன்னு."

அத்தா ரப்பர் குழாயை மெஷினில் மாட்டி ஓட்டி, அதன் வாயில் கை வைத்தார். கை அப்படியே ஒட்டிக்கொண்டது. ரம்பத்தின் அடியில் கிடந்த தூளுக்கு நேரே குழாயைக் காட்டினார். தூள் போன இடம் தெரியவில்லை. கித்தான் குழாயை மாட்டிக் கை வைத்தபோது காற்று லேசாகத் தடவிவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

"அப்ப ரப்பர்தான். சரிதானே மேஸ்திரி?" என்று சல்மாவின் தலையில் செல்லமாகத் தட்டினார்.

மேஸ்திரி என்பது ஹபீபாவின் செல்லப் பெயர். அத்தா அவளை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார். அதையும் இவள் பிடுங்கிக்கொண்டாளே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை ஹபீபா மரத்தூள் அடுப்பைக் கெட்டிக்க உட்கார்ந்தாள். அது அவளுடைய அன்றாட வேலை. அடுப்பின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைப் போட்டு இடித்து, பாட்டிலை உருவ வேண்டும். அதற்கு முன்னால் தூளைச் சலிக்க வேண்டும். இழைப்பு மெஷினில் வரும் மரச்சுருள் கலந்துவிட்டால் அடுப்பு புகைந்து அம்மாவை அழவைத்துவிடும்.

சல்லடையை ஆட்டினாள். தூள் கீழே இறங்கியது. சுருளெல்லாம் சல்லடையிலேயே தங்கிவிட்டது. ஹபீபாவின் கை நின்றது.

'நேத்து அத்தா தூளைத்தானே காட்டினார்? சுருளைக் காட்டவே இல்லையே!'

"சல்மா, உங்க தெருப் பட்டறையில இழைப்பு மெஷின் கீதா?"

"இல்லியே. ரம்பம் மட்டுந்தான். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

ஹபீபாவுக்கு உள்ளுக்குள் குதூகலம். ரப்பர் குழாய் அடைத்துக்கொள்ளட்டும். ஊரே பார்க்கட்டும். அப்போது புது மேஸ்திரியின் முகம் எப்படிப் போகிறதென்று பார்க்கலாம். நினைக்க நினைக்க இனித்தது.

அப்போது பட்டறையிலிருந்து அத்தாவின் இருமல் கேட்டது. நிற்காத நீளமான இருமல். அதோடு அந்த இனிப்பெல்லாம் போய்விட்டது.

"வா, ஒண்ணு காட்டுறேன்" என்று சல்மாவை முறைத்துக்கொண்டே பட்டறைக்கு அழைத்துப் போனாள்.

அத்தா தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். ஓடாத மெஷினின் பக்கத்தில் ரப்பர் குழாயைத் தூக்கிப் பிடித்து, முதலில் தூளைக் கொட்டினாள். சர்ரென்று கீழே விழுந்தது. அடுத்து ஒரு கை சுருளைப் போட்டாள். பாதி வழியில் சிக்கிக்கொண்டது. குழாயை எவ்வளவு உலுக்கினாலும் வரவில்லை. கித்தான் குழாயில் போட்டதும் பொத்தென்று வெளியே வந்து விழுந்தது.

சல்மாவின் முகம் சுண்டிப்போனது. "பெரியத்தாகிட்ட சொல்லப்போறியா?"

ஹபீபா பார்க்க ஆசைப்பட்ட முகம் இதுதான். பார்த்தபோது அவ்வளவு நன்றாக இல்லை.

"நீயே சொல்லு. எனக்கு அடுப்பு வேலை கீது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சல்மா ஓடினாள். "பெரியத்தா, ரப்பர் வேணாம்! சுருள் அடைச்சிக்குது. ஹபீபாதான் கண்டுபுடிச்சா!"

அத்தா கித்தான் குழாயை மாட்டி இழைப்பு மெஷினை ஓட்டிப் பார்த்தார். சுருளும் தூளும் கடகடவென்று உள்ளே போயின. மத்தியானம் வந்த உலகநாதன் ரப்பர் குழாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் அத்தாவின் புருவம் கறுப்பாகவே இருந்தது.

"மேஸ்திரி, இங்க வா" என்று கூப்பிட்டார்.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். யாரும் நகரவில்லை.

"எம் பொண்ணைத்தான் கூப்புட்டேன். ஊர்ல வேற மேஸ்திரி யாரு?" என்றார் அத்தா.

ஹபீபா துள்ளிக்கொண்டு போனாள். அத்தா தூசி மெஷினின் பின்னால், உறிஞ்சியதெல்லாம் விழும் கோணியைத் தட்டினார். அது அவள் நெஞ்சு உயரம் இருந்தது.

"தூளும் சுருளும் ஒண்ணா கலந்து கீது. அடுப்புக்குச் சலிச்சி வச்சிடும்மா."

ஹபீபா கோணியைப் பார்த்தாள். சல்மாவைப் பார்த்தாள். பிறகு சல்லடையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"இந்த மூட்டைக்கு மட்டும் நீதான் மேஸ்திரி" என்றாள்.